அடைக்கலப் பொருள்: காப்பவர் கடனும் உடையவர் உரிமையும்

முன்னுரை

பிறர் பொருளைக் கவர்தல் தீது என்பதில் அறநூல்களுக்கிடையே வேறுபாடு இல்லை. திருவள்ளுவர் இல்லறவியலில் வெஃகாமையையும் (அதி. 18) துறவறவியலில் கள்ளாமையையும் (அதி. 29) தனித்தனி அதிகாரங்களாக வகுத்து, கவரும் செயலை மட்டுமன்றிக் கவர எண்ணும் எண்ணத்தையும் குற்றமாகவே கொள்கிறார். ஆயின், கவராமலே ஒருவர் கைக்கு வந்து சேரும் பிறர் பொருளும் உண்டு. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள், மண்ணிலிருந்து கிடைத்த பொருள், விலை கொடுத்து வாங்கிய பின்னர்ப் பிறருடையது எனத் தெரியவந்த பொருள், அழியும் நிலையிலிருந்து மீட்டுக் காக்கப்பட்ட பொருள் என அது பலவகைப்படும். இவற்றுள் எதிலும் தொடக்கத்தில் குற்றம் இல்லை. அவ்வாறாயின், காத்தல் எந்த இடத்தில் கவர்தலாக மாறுகிறது? நெடுங்காலம் நன்கு காத்தமையாலேயே காத்தவர்க்கு அப்பொருளின்மீது உரிமை பிறக்குமா? இவ்வினாக்களைத் தமிழ் இலக்கியச் சான்றுகளை முதன்மையாகவும், வடமொழி இலக்கியத்தையும் இந்தியச் சட்டங்களையும் ஒப்புநோக்காகவும் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'போல' என்பதும் 'ஆக' என்பதும்

நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் வாணிகர்க்குரிய அறத்தைக் கூறுகிறது. பிறர் பொருளையும் தம் பொருளைப் போலப் பேணுதலே அவ்வறம். காவிரிப்பூம்பட்டினத்து வாணிகரைப் பாடும் பட்டினப்பாலையும் தம்முடையதையும் பிறருடையதையும் ஒப்ப நோக்கும் இயல்பை அவர்க்குரிய சிறப்பாகக் காட்டுகிறது. இவ்விரு நூல்களும் சுட்டும் அறத்தில் உவமைப் பொருள் இன்றியமையாதது. தம் பொருள் 'போலப்' பேணுதல் வேறு, தம் பொருள் 'ஆகக்' கொள்ளுதல் வேறு. முன்னதில் அக்கறை மட்டுமே தம்முடையது; பொருள் பிறருடையதாகவே நிற்கிறது. பின்னதில் அக்கறையே உரிமைக்குச் சான்றாக மாற்றப்படுகிறது.

இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு மிகக் குறுகியது. ஒரு பொருளை நாள்தோறும் துடைத்து, பூச்சி அரிக்காமல் பார்த்து, களவு போகாமல் காத்து வருபவர் உள்ளத்தில், 'உடையவர்கூட இதனை இவ்வாறு பேணியிரார்' என்னும் எண்ணம் எழுவது இயல்பே. எண்ணம் எழும் அளவில் அது பற்று. அவ்வெண்ணத்தைக் காரணமாகக் காட்டித் திருப்பித் தர மறுக்கும் போது அது வெஃகுதல். நன்கு காப்பவரே இவ்விடரில் மிகுதியும் சிக்குகின்றனர் என்பது நோக்கத்தக்கது. காவாமல் விட்டவர்க்கு இத்தகைய மயக்கம் நேர வாய்ப்பில்லை.

ஓடும் கோவணமும்

அடைக்கலப் பொருளின் அறத்தைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் இரண்டு இடங்களில் கதைப்பொருளாக்கியுள்ளார். தில்லையில் வேட்கோவராகிய திருநீலகண்டரிடம் சிவயோகி வடிவில் வந்த இறைவன் ஒரு திருவோட்டை ஒப்படைக்கிறான். பழையாறை வணிகர் அமர்நீதியாரிடம், திருநல்லூரில் அவர் அமைத்த மடத்திற்கு வந்த பிரமசாரி ஒரு கோவணத்தை ஒப்படைக்கிறான். இரண்டு பொருள்களும் வைத்த இடத்திலிருந்து மறைகின்றன. இருவரும் மாற்றுப் பொருள் தர முன்வருகின்றனர். இரண்டு இடத்தும் மாற்றுப் பொருள் மறுக்கப்படுகிறது.

ஒப்படைக்கப்பட்ட பொருள்கள் எவை என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஓடு வனையும் தொழிலுடையவரிடமே ஓடும், துணி விற்பவரிடமே கோவணமும் ஒப்படைக்கப்படுகின்றன. அவர்களுடைய இல்லத்தில் அப்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. சந்தை மதிப்பில் அவை அற்பமானவை. அவ்வாறிருந்தும் ஓட்டின் இடத்தில் பொன்னோடு தந்தாலும் ஏற்பதில்லை என்கிறார் யோகி. துலையில் ஒரு தட்டில் வைத்த கோவணத்திற்கு மறுதட்டில் அமர்நீதியாரின் துணிகளும் பொன்னும் பிற செல்வங்களும் நிகராகவில்லை. இறுதியில் மனைவியோடும் மைந்தனோடும் தாமே தட்டில் ஏற வேண்டியதாகிறது.

இதனால் புலனாகும் உண்மை ஒன்று. அடைக்கலப் பொருளின் மதிப்பை முடிவு செய்பவர் அதனைக் காப்பவர் அல்லர், சந்தையும் அன்று. அது உடையவர்க்கு என்னவாக இருக்கிறதோ அதுவே அதன் மதிப்பு. 'ஈடு கொடுத்துவிட்டோம்' என்னும் விடை பொருளுக்குப் பொருந்தலாம். வைத்த நம்பிக்கைக்குப் பொருந்தாது. நம்பிக்கைக்கு நிகர்வைக்கத்தக்கது நம்பப்பட்டவர் தாமே என்பதனை அமர்நீதியார் துலையேறும் நிகழ்ச்சி உணர்த்துகிறது எனலாம்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) ஒப்படைப்புப் பொருளைப் பற்றிக் கூறும்போது, இயல்பான அறிவுடைய ஒருவர் தம் பொருளுக்குக் காட்டும் கவனத்தைக் காட்டினால் போதும் என்கிறது (பிரிவு 151). அக்கவனத்தைக் காட்டிய பின்னரும் பொருள் இழக்கப்பட்டால், வேறு தனி ஒப்பந்தம் இல்லாதவிடத்து, காத்தவர்மீது பொறுப்பு இல்லை (பிரிவு 152). இச்சட்டத்தின்படி திருநீலகண்டரும் அமர்நீதியாரும் விடுவிக்கப்பட வேண்டியவர்களே. சட்டம் கவனத்தை அளக்கிறது. அறம் அதனைத் தாண்டி, இழந்த பின்னர்க் காப்பவர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதனையும் நோக்குகிறது.

இழப்பின் பின் மெய்யும் பொய்யும்

இழப்புக்குப் பின்வரும் நடத்தையை ஆராய, சூத்திரகரின் மிருச்சகடிகம் சிறந்த ஒப்புமை தருகிறது. வசந்தசேனை தன் அணிகலன்களை வறுமையுற்ற சாருதத்தனிடம் அடைக்கலமாக வைக்கிறாள். இரவில் சர்விலகன் கன்னமிட்டு அவற்றைக் களவாடுகிறான். பொருளிழந்த வருத்தத்தைவிட, வறியவன் கூற்றை யார் நம்புவர் என்னும் அச்சமே சாருதத்தனை வாட்டுகிறது. அவன் மனைவி தூதை தன் முத்துமாலையைத் தருகிறாள். அம்மாலையை ஈடாக அனுப்பும் சாருதத்தன், அணிகலன்களைச் சூதில் தோற்றுவிட்டதாகச் சொல்லியனுப்புகிறான்.

திருநீலகண்டரும் நம்பப்படாதவரே. களவாடிக்கொண்டதாகவே யோகி அவர்மீது குற்றம் சாட்டுகிறார். மனைவியின் கையைப் பற்றிக் குளத்தில் மூழ்கி உறுதி கூறுமாறு கேட்கப்பட்டபோது, அவர் அதற்கு இணங்க இயலாதவராகிறார். இளமையில் தாம் செய்த பிழையால் மனைவி இறைவன் பெயரால் ஆணையிட, அதுமுதல் அவரைத் தீண்டாமல் ஓரில்லத்தில் வாழ்ந்து மூத்த செய்தியை ஊரறியச் சொன்னாலன்றி மறுப்புக்குக் காரணம் கூற இயலாது. இறுதியில் மூங்கில் தண்டின் இருமுனைகளை இருவரும் பற்றி, அயலறியா அவ்வாழ்க்கையைக் குளக்கரையில் வெளிப்படுத்துகிறார்.

சாருதத்தன் ஈட்டைக் கொடுத்து உண்மையை மறைக்கிறான். திருநீலகண்டர் கொடுக்க ஏதுமின்றி, தமக்கு நாணம் தரும் உண்மையை வெளியிடுகிறார். சாருதத்தன் தன்னலம் கருதிப் பொய்யுரைக்கவில்லை. தன்மீது வைத்த நம்பிக்கை பொய்யாயிற்று என்ற பழியைத் தவிர்க்கவே அவ்வாறு செய்தான். எனினும், உடையவர்க்குத் தம் பொருளின் கதி என்னாயிற்று என அறியும் உரிமை உண்டு. பொருளைத் திருப்பித் தர இயலாத நிலையிலும் அதன் செய்தியைத் தர இயலும். அடைக்கல அறத்தின் குறைந்த அளவு இதுவே. சில வேளைகளில் மிகக் கடினமானதும் இதுவே.

உடையவர் அறியப்படாத பொருள்

அடுத்த நிலை, உடையவர் யாரென்றே தெரியாத பொருள் பற்றியது. பொருள் செயல்வகை அதிகாரத்தில் அரசனுக்குரிய வருவாய்களுள் ஒன்றாக உறுபொருள் கூறப்படுகிறது. வைத்தவர் இறந்துபட நிலத்தில் நெடுங்காலம் கிடந்து பின் கிடைத்ததும், உரிமைத் தாயத்தார் இல்லாததும் உறுபொருள் என்பது பரிமேலழகர் தரும் விளக்கம். இதன்படி உடையவரில்லாப் பொருள் கண்டெடுத்தவர்க்கு உரியதன்று, அரசனுக்கு உரியது.

சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் கிளைக்கதை இவ்விதியின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சேரனிடம் பரிசில் பெற்றுத் திரும்பிய பராசரன், பாண்டிய நாட்டுத் தங்காலில், தன்னோடு மறையோதிய சிறுவனுக்கு அணிகலன்களை வழங்கிச் செல்கிறான். சிறுவனின் தந்தை வார்த்திகன் திடீரெனச் செல்வமுற்றது கண்டு, படுபொருளாகிய புதையலைக் கவர்ந்தான் எனக் கூறி அவனைச் சிறையிடுகின்றனர். அவன் மனைவி கார்த்திகை துயருற, கொற்றவை கோயிற் கதவு திறவாது நிற்கிறது. உண்மையறிந்த பாண்டியன் பிழைபொறுக்க வேண்டி, தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு வழங்குகிறான். மேலும், இடுபொருளாயினும் படுபொருளாயினும் அடைந்தவர்க்கே உரியவை என யானைமீது முரசறைந்து அறிவிக்கிறான்.

தன் விதி அப்பாவி ஒருவனைத் துன்புறுத்தக் கருவியானமை கண்டு அரசன் அவ்விதியையே தளர்த்துகிறான். கையில் பொருளிருப்பது மட்டுமே களவுக்குச் சான்றாகாது என்னும் கொள்கை இதனால் பெறப்படுகிறது. இதே நூலில், கையில் சிலம்பிருந்தது ஒன்றையே சான்றாகக் கொண்டு கோவலன் கொலையுண்கிறான். அரசியின் சிலம்பைக் கவர்ந்து மறைத்த பொற்கொல்லனோ, குற்றம் சாட்டும் இடத்தில் நிற்கிறான். கண்ணகியின் சிலம்பு ஊரறிய விலை கூறப்பட்டது. பொற்கொல்லன் கொண்ட சிலம்பு மறைவில் இருந்தது. ஆகவே, பொருள் கையில் இருப்பதைவிட அது எவ்வாறு இருக்கிறது என்பதே அறத்தின் அளவுகோல். கரத்தல் என்னும் சொல் தமிழில் மறைத்தல், கவர்தல் ஆகிய இருபொருளையும் தருதல் இங்கு நினைக்கத்தக்கது.

இன்றைய சட்டங்களும் இதனையே மையமாகக் கொண்டுள்ளன. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. முறைப்படி அறிவித்து, உடையவரில்லாதது என முடிவாகி, நிலத்தின் உடைமையாளர் வேறொருவராக இருப்பின், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவர்க்கும் எஞ்சியது நிலத்துக்குரியவர்க்கும் சேரும். மறைத்தவர் தம் பங்கை இழப்பதோடு தண்டனைக்கும் உரியவராகிறார். 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவும், முந்தைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவைப் பின்பற்றி, கண்டெடுத்த பொருளை உடையவர்க்காகப் பாதுகாக்க எடுத்துக்கொள்வது குற்றமன்று எனவும், உடையவரை அறிந்தும், அறிய முயலாமலும் தமதாக்கிக் கொள்வது குற்றம் எனவும் கூறுகிறது. தேடாமை குற்றத்தின் பாற்படும் என்பது இங்குத் தெளிவு.

காலம் உரிமை தருமா?

நெடுங்காலம் கைவசம் இருந்தமையை உரிமையாகக் கருதுவது பொதுவழக்கு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி, உடையவர்க்கு எதிராக 12 ஆண்டுகள் தொடர்ந்து வெளிப்படையாகத் துய்க்கப்பட்ட நிலத்தின்மீது அவர் உரிமை இழக்க நேரலாம். ஆயின், அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, குறித்த நோக்கத்திற்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்பட்ட சொத்தை அப்பொறுப்பாளரிடமிருந்து மீட்பதற்குக் காலவரையறை இல்லை என்கிறது. நம்பி வைத்த பொருளுக்குக் காலம் எதிராக ஓடாது என்பதே இதன் கருத்து.

இராமகாதையில் பரதன் 14 ஆண்டுகள் நாட்டைக் காத்தான். பாதுகைகளை அரியணையில் வைத்து, நந்தியம்பதியில் தங்கி, அரசப் பணிகளை எல்லாம் செய்தும் அரசன் எனத் தன்னைக் கொள்ளவில்லை. களஞ்சியமும் கருவூலமும் பதின்மடங்காயின எனக் கூறி ஒப்படைப்பதாக வான்மீகி காட்டுகிறார். பெருகிய பகுதி தன் உழைப்பால் வந்தது எனப் பரதன் கணக்கிடவில்லை. கம்பனின் பரதனோ, தவணை முடிந்தும் இராமன் வாராமை கண்டு எரியில் புகத் துணிகிறான். உடையவன் வரவில்லையெனில் பொருள் தனதாகும் என்பது அவன் எண்ணத்தில் தோன்றவே இல்லை. காலம் நீள நீளக் காப்பவரின் கடன் வளர்ந்ததேயன்றி உரிமை வளரவில்லை.

காப்பாற்றியவர் வாதம்

இதுவரை கூறியவற்றுக்கு வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. உடையவரே பொருளை அழியவிடும்போது என் செய்வது? கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் ஆகம விதியின் பெயரால் நெய்யில் தோய்க்கப்பட்டு எரிக்கு ஆகுதியாக்கப்பட்ட செய்தியை உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். எரிந்தவற்றுள் எவை இருந்தன என்பதை இனி அறிய வழியில்லை. அவ்வேடுகளுள் ஒன்றை ஒருவர் இரவல் வாங்கித் திருப்பித் தராது வைத்திருந்தால் அவ்வேடு இன்று இருந்திருக்கும். அவரைக் கள்வர் எனக் கூறுதல் தகுமா?

இவ்வினாவுக்கு எளிதில் விடை கூற இயலாது. அழிவிலிருந்து காத்தல் அறமே. எனினும், அவ்வறம் காக்கும் உரிமையைத் தருகிறதேயன்றி உடைமையைத் தரவில்லை. தீப்பற்றிய வீட்டிலிருந்து பெட்டகத்தை எடுத்தவர் போற்றப்படுவார். தீயணைந்த பின்னரும் அதனைத் தராதவர் போற்றப்படார். கண்டெடுத்த பொருளைப் பேணியதற்கான செலவைப் பெறும்வரை அதனை வைத்திருக்கலாம் என 1872ஆம் ஆண்டுச் சட்டம் (பிரிவு 168) இசைகிறது. காத்தவர்க்கு உரியது செலவும் நன்றியுமே, பொருள் அன்று. ஏட்டைப் பொறுத்தவரை வேறொரு வழியும் இருந்தது. படியெடுத்துக்கொண்டு மூல ஏட்டைத் திருப்பித் தருதலே அவ்வழி. சீவகசிந்தாமணி (1887) முதலிய தம் பதிப்புகளில் சாமிநாதையர் ஏடு தந்தோரின் பெயர்களை முகவுரையில் குறித்தமை, எப்பொருள் யாருடையது என்பதனை உலகறியச் செய்த செயலாகும்.

படியெடுக்க இயலாத பொருள்களில் சிக்கல் மிகுகிறது. தஞ்சைப் பகுதியிலுள்ள பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர் செப்புத்திருமேனி கைமாறி, 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றால் வாங்கப்பெற்று, இலண்டனில் காவல்துறையால் கைப்பற்றப்பட்டது. பாழடைந்த கோயிலுக்கு உரிமை கோரத் தகுதி உண்டா என்பது அவ்வழக்கின் முதன்மை வினாக்களுள் ஒன்று. 1988இல் உயர்நீதிமன்றமும் 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயிலின் சார்பில் தீர்ப்பளித்தன. திருமேனி 1991இல் தாயகம் திரும்பியது. வழிபாடு நின்றாலும் உடைமை நின்றுவிடுவதில்லை என்பது அத்தீர்ப்பால் வலுப்பெற்றது. படையெடுப்புக் காலங்களில் திருமேனிகளைப் புதைத்தவர்கள் அவற்றைக் கைவிட்டவர்கள் அல்லர். மீட்கும் எண்ணத்தோடு மண்ணிடம் அடைக்கலம் வைத்தவர்கள்.

அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் நடராசர் நிலை சற்று வேறுபட்டது. 2008இல் ஆத்திரேலியத் தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் விலையில் அதனை வாங்கியது. அது களவுபோன கோயிற்பொருள் எனச் சான்றுகள் வெளிவந்தபின், 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. விலை கொடுத்தவரும் உடையவராகார் என்பதற்கு இது சான்று. அருங்காட்சியகங்களில் பொருள்கள் மேலும் நன்றாகப் பேணப்படுகின்றன என்னும் வாதம் உண்மையாகவே இருக்கலாம். மீட்டுவந்த திருமேனிகள் வழிபாட்டுக்குச் செல்லாமல் பாதுகாப்பு மையங்களில் அடைந்து கிடத்தல் அவ்வாதத்திற்கு வலுவூட்டவும் கூடும். ஆயின், உடையவர் நன்கு பேணவில்லை என்பது உடையவர்மீது சுமத்தத்தக்க குறை. பிறர்க்கு உரிமை தரும் ஆவணம் அன்று.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின் அவருடைய நூல் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. சட்டப்படி உடைமையான பின்னரும் அத்தொகுப்பு கடல் கடந்து செல்லவில்லை. சென்னையிலேயே நூலகமாக நிறுவப்பட்டு, நுண்படலமாகப் படியெடுக்கப்பட்டது. வாங்கியவர்க்கும் அப்பொருளைப் பயன்கொள்ளும் சமூகத்திற்கும் இடையே உள்ள உறவை உணர்ந்த செயல் இது.

ஆய்வாளர் கையில் உள்ளவை

இச்சிக்கல் அயல்நாட்டுக் கலைக்கூடங்களோடு மட்டும் அமைவதன்று. களப்பணிக்குச் செல்லும் ஆய்வாளர் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் ஏட்டுக்கட்டை வாங்கி வருகிறார். கூத்துக் கலைஞரின் கையெழுத்துப் படியைப் பெறுகிறார். ஒப்பாரி பாடும் மூதாட்டியின் குரலைப் பதிவு செய்கிறார். ஆய்வேடு முடிந்து பட்டமும் பெறப்படுகிறது. கட்டும் படியும் ஒலிநாடாவும் நிலைப்பேழையில் தங்கிவிடுகின்றன. தந்தவர் கேட்கவில்லை; கேட்க வழியறியார்; சில ஆண்டுகளில் மறைந்தும் விடுகிறார். அதன்பின் அவை 'ஆய்வாளரின் தொகுப்பு' என வழங்கப்படுகின்றன. இங்கு எவரும் எதனையும் திருடவில்லை. ஆயினும், 'போல' என்பது ஓசையின்றி 'ஆக' மாறிவிடுகிறது.

கேட்காமை கொடுத்தமை ஆகாது. எழுத்தறிவும் செல்வாக்கும் உடையவர்க்கும் அவை இல்லாதவர்க்கும் இடையில் நிகழும் ஒப்படைப்பில், திருப்பித் தரும் பொறுப்பு முழுவதும் முன்னவரையே சாரும். இறைவன் தானே நேரில் வந்து ஓட்டைத் திருப்பிக் கேட்டான். ஊர் மூதாட்டி பல்கலைக்கழகத்திற்கு வந்து கேட்கமாட்டார்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. காத்தல் கவர்தலாகாமல் நிற்க மூன்று இயல்புகள் வேண்டும். முதலாவது வெளிப்படை: பொருள் எங்குள்ளது, யாருடையது என்பது மறைக்கப்படாமை. இரண்டாவது பயன்கொள்ளாமை: ஒப்பிய நோக்கத்திற்கு அப்பால் அப்பொருளால் தமக்கு ஊதியம் தேடாமை. மூன்றாவது மீட்டளிக்கும் அணியம்: உடையவர் கேட்குமளவும் காத்திராது, அவரையோ அவர் வழியினரையோ தேடித் தருதல். இம்மூன்றனுள் முதலாவது கெடின் ஏனைய இரண்டும் நில்லா. காலமும், செலவும், அன்பும், அறிவும் காப்பவரின் கடனை நிறைவு செய்ய உதவுமேயன்றி உடையவர் உரிமையை மாற்றமாட்டா.

உடையவர் என்பாரும் முன்னோரிடமிருந்து பெற்றுப் பின்னோர்க்கு வழங்கும் காப்பாளரே என்னும் கருத்து தொல்பொருள்களுக்குப் பெரிதும் பொருந்தும். அதனை ஏற்பின், ஏட்டை எரித்தவரும் அதனைப் பூட்டி வைத்தவரும் ஒருசேர அடைக்கலம் தவறியவராவர். எனவே, நிலைப்பேழையில் உள்ளவற்றுள் எவை தம்முடையவை, எவை தம்மிடம் வைக்கப்பட்டவை என்னும் பட்டியலை உருவாக்குதலே தமிழாய்வுத் துறைகள் மேற்கொள்ளத்தக்க முதற்பணியாகும்.